முதியோர் காதலும் நமது இலக்கியமும்

திருநீலகண்ட நாயனாரின் கதையைச் சைவ சமய வகுப்பிலே கேளாத மாணவர் நம்மிடையே மிகச் சிலர். தில்லையிலே வாழ்ந்த குயவர் அவர். அடியார்க்குத் திருவோடு செய்து கொடுத்தலைத் தொண்டாகக் கொண்டவர். ஒருநாள் பரத்தையிடம் சென்று மீண்டார். மனைவியார் ஊடினார். ஊடல் தீர்க்க அணுகிய கணவரைத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு விலக்கினார். ஆணையிலே அவர் தம்மைப் பன்மையாற் சுட்டியமையால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று கணவர் உறுதி பூண்டார். அன்று முதல் இருவரும் ஒரே வீட்டிலே, அயலார் அறியாதபடி, ஒருவரையொருவர் தொடாமலே வாழ்ந்தனர். இளமை கழிந்தது, முதுமை வந்தது. பின்னர் இறைவன் சிவயோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்து வைத்து, அதை மறைத்து, வழக்காடி, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்யும்படி வற்புறுத்தினான். மூங்கில் தண்டொன்றின் இரு முனைகளையும் இருவரும் பிடித்து, தம் வீட்டு இரகசியத்தை ஊரார் முன்னிலையிலே சொல்லி, மூழ்கி எழுந்தனர். எழுந்தபோது முதுமை நீங்கி இளைஞராயிருந்தனர் என்பது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலே பாடிவைத்த வரலாறு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே இக்கதையை நான் விளக்கியபோது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அவையள் வயது போன ஆக்களாயே எழும்பியிருந்தால் என்ன குறை, சேர்?" வகுப்பிலே பெருஞ்சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, இறைவனின் அருட்டிறம் என்று ஏதோ சொல்லி அடுத்த பகுதிக்குச் சென்றேன். அந்தக் கேள்விக்கு நான் விடை கூறவில்லை. இக்கட்டுரை பிந்தி வந்த விடை எனக் கொள்ளலாம்.

அம்மாணவி கேட்டது உண்மையிலே இலக்கியத் திறனாய்வின் பாற்பட்ட கேள்வி. மனைவியாரின் மறுப்பை நோக்குக. தன் உடல் மீது தனக்குள்ள உரிமையை ஒரு குயவர் மகள் இத்துணை உறுதியாக நிலைநாட்டிய காட்சி நமது பழைய இலக்கியங்களிலே அரிது. அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் இடையே இருந்த விலக்கு நீங்குகின்ற கணமே கதையின் உச்சம். ஆயினும் அந்தக் கணத்திலே கவி அவர்களை அவர்களாகவே விட்டுவைக்கவில்லை. நரைத்த இருவர் ஒருவர் கையை மற்றவர் பற்றுவதைக் காட்டுவதற்குக் காப்பியத்திலே இடமில்லை. முதலில் நரை போக வேண்டும். தோலின் திரைப்பு மறைய வேண்டும். அதன் பின்னரே தீண்டல். பத்தி நோக்கிலே இது வரம். உலகியல் நோக்கிலே பார்த்தால், கிழ உடல்கள் இரண்டு ஒன்றையொன்று விரும்பலாம் என்பதைச் சொல்லக் கூசிய ஒரு பண்பாட்டின் சமாளிப்பு. யயாதியின் கதையும் ஏறத்தாழ இதே வழியிலேதான் செல்கிறது. முதியவனின் ஆசை நிறைவேற வேண்டுமாயின் மகனிடமிருந்து இளமையைக் கடன் வாங்க வேண்டும்.

இந்தக் கூச்சத்துக்கு இலக்கண அங்கீகாரமும் உண்டு. தொல்காப்பியர் அகத்திணைகளை வகுத்தபோது ஒவ்வாத காமத்தைப் பெருந்திணை என ஒதுக்கினார். அதன் கூறுகளுள் ஒன்று இளமை கடந்த நிலையிலே எழும் காமம். உரையாசிரியர் இளம்பூரணர் அதனை மூன்றாகப் பிரிக்கிறார். ஆண் முதியனாய்ப் பெண் இளையளாதல், பெண் முதியளாய் ஆண் இளையனாதல் என்பன முதலிரண்டு. மூன்றாவது, இருவருமே இளமை நீங்கியபின் அறத்தை நாடாது காமத்தை நாடுதல். முதலிரண்டிலும் வயதுப் பொருத்தமின்மை என்ற ஒரு காரணமாவது உண்டு. மூன்றாவதிலே ஒரு குற்றமும் இல்லை. வயது ஒன்றே குற்றம். அதே நூலின் கற்பியல், காமத்தை நிறைவாக நுகர்ந்து முடித்த இறுதிக் காலத்திலே, தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி உயர்ந்ததை நாடுவதே கடந்த வாழ்வின் பயன் எனக் கூறி அமைகிறது. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் தொல்காப்பியர் வழங்கும் சொற்கள் கிழவன், கிழத்தி என்பன. உரிமையுடையவன், உரிமையுடையவள் என்பதே அன்று அச்சொற்களின் பொருள். இன்று 'கிழவன்' என்றால் உரிமை இழந்தவன் என்று பொருள்படுகிறது. சொல்லாராய்ச்சியாளர் இதன் காரணத்தை ஆராயட்டும்.

பழைய இலக்கியத்தை விட்டு நமது காலத்துக்கு வருவோம். முதியோரின் காதலை நேரடியாகவே பொருளாகக் கொண்டு பாடிய பெருமை பாரதிதாசனுக்கு உரியது. 1942இல் முதற்பகுதி வெளிவந்த 'குடும்ப விளக்கு' ஐந்து பகுதிகளையுடையது. 'முதியோர் காதல்' என்பதே ஐந்தாம் பகுதியின் பெயர். திருமணத்தோடு கதையை முடித்துவிடும் மரபிலே, மணமக்கள் கிழவரும் கிழவியுமாகும் வரை தொடர்ந்து சென்ற கவிஞர் வேறு யார்? இதிலே அவரது பகுத்தறிவு நோக்கின் துணிவு தெரிகிறது. மறுமையைப் பாடாது இல்லத்தைப் பாடியவருக்கு முதுமையும் இல்லத்தின் ஒரு பருவமாகத் தோன்றியதிலே வியப்பில்லை.

எனினும் அப்பகுதியின் மிகப் புகழ்பெற்ற இடத்தைச் சற்று நின்று படித்தல் வேண்டும். முதியவர் தம் மனைவியின் உடலை உறுப்புறுப்பாக நோக்குகிறார். அது உலர்ந்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, முகம் பாலையாகிவிட்டது என்று ஒன்றையும் மறைக்காமற் சொல்கிறார். அப்படியாயின் தமக்கு மகிழ்ச்சி தருவது எது என்று தாமே கேட்டு, அவள் உயிரோடு இருப்பது ஒன்றே அது என்று விடை கூறுகிறார். இளமையிலே இவ்வரிகளை மனனஞ் செய்து கண் கலங்கியவருள் நானும் ஒருவன். இன்று எனக்கு வயது அறுபத்தேழு. அதே வரிகள் இப்போது வேறு விதமாய் ஒலிக்கின்றன. உடலை நேர்மையாகப் பார்த்த கவிஞர், பார்த்து முடித்ததும் அதற்கு விடை கொடுத்து அனுப்பிவிடுகிறார். அவ்வுடலிலே எஞ்சியிருக்கக்கூடிய வெப்பம், பழகிய கையின் அறிவு, இருட்டிலே பக்கத்திற் கேட்கும் மூச்சின் ஆறுதல் என்பன எல்லாம் 'இருத்தல்' என்ற ஒரு தூய கருத்தினுள் அடங்கிவிடுகின்றன. சேக்கிழார் நரையை நீக்கினார். பாரதிதாசன் உடலையே நீக்கினார். மேலும், பார்ப்பவர் ஆண், பார்க்கப்படுவது பெண்ணின் உடல். கிழவரின் உடல் எவ்வாறிருந்தது? அதனைக் கிழவி உறுப்புறுப்பாகக் கணக்கெடுக்கும் கவிதை நம்மிடம் இல்லை.

இயற்கையே இவ்வாறு விதித்திருக்கிறது, வயது போனபின் ஆசை தானே அடங்கும் என்று சிலர் கூறுவர். இது கேள்வி ஞானம். 2007ஆம் ஆண்டிலே நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒவ் மெடிசின் என்ற மருத்துவ ஏடு, ஐக்கிய அமெரிக்காவிலே 57 முதல் 85 வயது வரையான 3,005 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வை வெளியிட்டது. 57 முதல் 64 வரையானோருள் நூற்றுக்கு 73 பேரும், 65 முதல் 74 வரையானோருள் 53 பேரும், 75 முதல் 85 வரையானோருள் 26 பேரும் பாலுறவு வாழ்வு உடையோராய் இருந்தனர். குறைவு உண்டு, மறைவு இல்லை. அக்குறைவுக்கும் உடல்நலக் கேடும், குறிப்பாகப் பெண்களிடையே துணையின்மையும் பெருங்காரணங்கள். அமெரிக்கர் கணக்கை அப்படியே நம்மீது ஏற்றுதல் தவறு என்பது உண்மையே. ஆயினும் அமெரிக்கக் கிழவரின் இரத்தம் வேறு, அளவெட்டிக் கிழவரின் இரத்தம் வேறு என்று வாதிடுவோர் அதனை நிரூபிக்கக் கடமைப்பட்டவர்கள். முதியவர்கள் சாந்தத்துக்கு முன்மாதிரியாய் இருக்கவேண்டும் என எதிர்பார்த்து, இளைஞருக்குள்ள அதே விருப்பங்கள் அவர்களிடம் தோன்றினால் அருவருக்கும் சமுதாயத்தைச் சிமோன் த போவுவார் 1970இல் முதுமை பற்றிய தமது பெருநூலிலே கண்டித்தார். அந்நூல் முதுமையை வர்க்கத்தோடு சேர்த்து நோக்கியமையே நமக்கு முக்கியமானது.

ஏனெனில், நமது சூழலிலே இது முதன்மையாக உடலின் பிரச்சினை அன்று, வீட்டின் பிரச்சினை. யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை நினைவுகூர்க. மகள் பெரியபிள்ளையாகும் வரை தாயும் தந்தையும் ஒரு பாயில். பின்னர் தாய் பெண்பிள்ளைகளோடு அறையில். தந்தை விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அல்லது வாங்கில். எவரும் கட்டளை இடுவதில்லை. அது 'நடப்பு'. மகளுக்குக் கலியாணம் பேசினால் வீடு சீதனமாகப் போகிறது. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே சீதனத்துக்கு உள்ள இடம் பெரிது. உறுதி எழுதும்போது நொத்தாரிசு பெற்றோருக்குச் சீவிய உருத்து வைத்து எழுதுவார். மாமரத்திலும் பனையிலும் கிணற்றிலும் உருத்து இருக்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத்தக்க ஓர் அறையில் உருத்து வைத்து எழுதிய உறுதியை நான் கண்டதில்லை. அறை மருமகனுக்கும் மகளுக்கும். தாய் குசினிப் பக்கம் பேரப்பிள்ளையோடு, தந்தை விறாந்தையில். நாற்பது வருடம் ஒன்றாய் வாழ்ந்தவர்கள் ஒரு சுவருக்கு அப்பாலும் இப்பாலும் இருந்து இருமலைக் கேட்டு ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். இந்த ஏற்பாட்டைத்தான் நாம் பக்குவம் என்றும், பற்றறுத்தல் என்றும், முதுமையின் அழகு என்றும் எழுதி வந்திருக்கிறோம். தோட்டக் குடியிருப்புகளிலே லயத்துக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வாழ்க்கையை எழுதும்போது இந்த அழகுச் சொற்களும் பொருந்தா.

இவ்வுண்மையை நமது நாட்டிலே எவரும் எழுதவில்லை என்று கூறினால் அது நேர்மையன்று. எஸ். பொன்னுத்துரை 1960-களிலே எழுதிய 'சடங்கு' நாவலை இங்கு குறிப்பிட்டே ஆகவேண்டும். கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் எழுதுவினைஞர் ஒருவர், மனைவியோடு தனித்திருக்கும் ஆவலோடு புகையிரதமேறி யாழ்ப்பாணத்துக்கு வருகிறார். பிள்ளைகள், மாமியார், உறவினர், வீட்டு அலுவல்கள் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கிட, வந்த நோக்கம் நிறைவேறாமலே விடுப்பு முடிந்து திரும்புகிறார். அவர்கள் முதியோர் அல்லர். ஆயினும் அவர்களுடைய முதுமை எவ்வாறிருக்கும் என்பதை அந்த வீட்டின் அமைப்பே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. மாதத்துக்கு ஓரிரு நாள் மட்டும் கணவனாயிருக்க அனுமதிக்கும் உத்தியோகப் பொருளாதாரம், பிள்ளைகளின் மேன்மை என்ற பெயரில் தம்பதியரை உறவினராக்கிவிடும் குடும்பம் ஆகிய இரண்டையும் அந்நாவல் பிடித்துவிட்டது. முற்போக்கு முகாமைச் சேர்ந்த நாம் அதனை எவ்வாறு வரவேற்றோம்? 1961இல் வெளிவந்த அவரது 'தீ' எழுப்பிய கோபம் தணியாத நிலையிலே, பாலுணர்ச்சியை எழுதுவதெல்லாம் நசிவு இலக்கியம் என்ற ஒரே அளவுகோலால் இதனையும் அளந்தோர் நம்மிடையே பலர். ஆசிரியர் நம்மைப் பிரிந்து போய் நம்மைத் திட்டியவர் என்பதும் அளவுகோலைச் சற்று வளைத்திருக்கலாம். அவருடைய கொள்கைகள் பலவற்றை இன்றும் நான் ஏற்பதற்கில்லை. 'தீ' எனக்கு இன்றும் உவப்பான நாவலன்று. ஆனால் கூலி உயர்வையும் வேலை நேரத்தையும் பற்றி எழுதிய நாம், அந்த வேலை நேரம் முடிந்து வீடு திரும்பியவனுக்குத் தன் மனைவியோடு பேச ஓர் அறை இருந்ததா என்று கேட்கத் தவறினோம். அதுவும் உழைப்பாளியின் வாழ்க்கை நிலைமையிலே ஒரு பகுதியே.

தனிமை என்பது எவருக்குக் கிடைக்கிறது என்ற இக்கேள்வியோடு படித்தால், முதியோர் காதலின் மாபெரும் நாவலாக உலகம் போற்றும் ஒரு நூல் புதிய பொருள் தருகிறது. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1985இல் வெளியிட்ட 'கொலரா காலத்துக் காதல்' என்பதே அது. இளமையிலே பெர்மினா தாசாவினால் நிராகரிக்கப்பட்ட புளோரென்தினோ அரிசா, அவளுடைய கணவராகிய வைத்தியர் கிளியொன்றைப் பிடிக்க ஏணியேறி விழுந்து இறக்கும் வரை, 51 ஆண்டுகளும் 9 மாதங்களும் 4 நாட்களும் காத்திருக்கிறான். இறுதியிலே எழுபதைக் கடந்த இருவரும் மக்தலேனா நதியிலே கப்பற் பயணம் செய்கின்றனர். சேக்கிழார் செய்யத் துணியாததை மார்க்கேஸ் அக்கப்பலிலே செய்கிறார். சுருங்கிய தோள்கள், தளர்ந்த மார்பு, முதுமையின் வாடை ஆகியவற்றோடேயே அவர்கள் சேர்கின்றனர். பார்க்காதே, உனக்குப் பிடிக்காது என்ற பொருளிலே அவள் எச்சரிக்கிறாள், அவன் பார்க்கிறான். முதல் முயற்சி தோற்கிறது. அதனையும் ஆசிரியர் மறைக்கவில்லை. எந்தக் குளத்திலும் மூழ்கி இளமை பெறாமலே இருவர் தீண்டுகின்ற இக்காட்சியிலே இரக்கமும் இல்லை, பரிகாசமும் இல்லை.

பெர்மினாவின் மகள், அந்த வயதிலே காதல் அருவருப்பானது என்று சொல்கிறாள். தாய் மகளை வீட்டை விட்டு வெளியேற்றுகிறாள். நமது நாவல்களிலே இக்காட்சியை எண்ணிப் பார்க்கவும் இயலுமா? வீடு தாயினுடையது என்பதே அங்கே முதற்காரணம். நம்மிடையே அப்படிச் சொல்லும் மகளிடம் தாய் போகச் சொன்னால், "வீடு என்ரை பேரில்" என்று மகள் உறுதியை எடுத்துக் காட்டுவாள்.

கப்பலைப் பற்றியும் ஒரு சொல். அது புளோரென்தினோ தலைவனாயிருக்கும் நதிப் போக்குவரத்துக் கம்பனியின் கப்பல். வேறு பயணிகள் ஏறாதிருக்கும் பொருட்டுக் கொலராவுக்குரிய மஞ்சட்கொடியை ஏற்றச் செய்கிறான். கப்பலிலே நோய் என்று உலகுக்கு அறிவித்தாற்றான் இரு கிழவர்களுக்குத் தனிமை கிட்டுகிறது! இந்தப் படிமத்தின் வலிமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கம்பனி முதலாளிக்கு வெறுங்கப்பல் கிடைத்தது. நமது எழுதுவினைஞருக்கு விறாந்தை வாங்கிலே ஒரு தலையணை கிடைத்தது. அந்தக் கப்பல்களின் கொதிகலன்களுக்காக வெட்டப்பட்டு மொட்டையான நதிக்கரைகளையும் ஆசிரியர் காட்டுகிறார். எனவே அவர் இதனை அறியாதவர் அல்லர். நாவலை நேசிப்போர் வசதியாக மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. முதியவனாகிய புளோரென்தினோ, தன் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தியைத் தன் இச்சைக்குப் பயன்படுத்துகிறான். கைவிடப்பட்ட அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இதனை நாவல் கண்டிக்க வேண்டிய அளவு கண்டிக்கவில்லை என்பதே என் கருத்து. முதியோரின் இன்பத்துக்காக வாதிடும் எவரும் இதனைக் கண்டும் காணாதது போலக் கடக்க முடியாது. ஒத்த வயதினர் இருவர் தம் விருப்பத்தாற் கூடுவதும், அதிகாரமுடைய முதியவன் ஒரு பிள்ளையைச் சூறையாடுவதும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் ஒரே பெருந்திணைக் கூடைக்குள் போட்ட மரபே, நாம் முதியவரின் ஆசை என்றதும் உடனே இரண்டாவதையே நினைக்கும்படி பழக்கியது.

தமிழ் உரைநடைக்கு வன்மை இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' 1943இலேயே வந்துவிட்டது. நோயால் நைந்துபோன மனைவியின் உடலைப் பிரமநாயகம் பிள்ளை தூக்குவதும், பிடித்துவிடுவதும், இறந்தபின் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவதும் அழகற்ற உடலிடத்து ஆணுக்குள்ள நெருக்கத்தை இம்மியும் மிகைப்படுத்தாது காட்டுகின்றன. ஆனால் அங்கே தொடுவதற்கு அனுமதி நோயிடமிருந்தும் சாவிடமிருந்தும் வருகிறது. உடல் நலத்தோடுள்ள செல்லம்மாள் அறுபது வயது வரை வாழ்ந்திருந்தால் அக்கையை எழுத்தாளர் எங்கே வைத்திருப்பார்?

இன்று இக்கேள்வி முன்னரிலும் அவசரமானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நமது நாட்டு மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். போரும் புலப்பெயர்வும் வடக்கிலே இன்னுமொரு விசித்திரத்தை உண்டாக்கின. பிள்ளைகள் யாவரும் வெளிநாடு சென்றபின், ஐந்து அறை வீட்டிலே கிழவரும் கிழவியும் தனித்துவிட்டனர். வாழ்நாளெல்லாம் கிடைக்காத கதவு கிடைத்தது. ஆனால் விரைவிலே ரொறன்ரோவிலிருந்து கடிதமோ அழைப்போ வருகிறது: மகளுக்குப் பிள்ளைப்பேறு, அம்மா வந்தால் உதவி. அம்மா போகிறாள், ஆறு மாதம் ஆறு ஆண்டாகிறது. அப்பாவை இலண்டன் மகன் 'எடுப்பிக்கிறான்', அல்லது முதியோர் இல்லத்திலே சேர்க்கிறான். பெற்றோரைப் பங்கிட்டுக்கொள்ளும் பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். பகலிரவு வேலை செய்பவர்கள். பிள்ளை பார்க்கும் கூலியைக் கொடுக்க இயலாதவர்கள். அம்மாவின் உழைப்பு இலவசம். அவளுக்கு ஒரு கணவர் உண்டு என்பது எவர் கணக்கிலும் வருவதில்லை, அவளுடைய கணக்கிலும் சில வேளை வருவதில்லை. நான் சென்று பார்த்த முதியோர் இல்லம் ஒன்றிலே ஆண்களுக்கு ஒரு மண்டபமும் பெண்களுக்கு மறு மண்டபமும் இருந்தன. கணவனும் மனைவியுமாக வந்து சேர்ந்த இருவர், மாலை நான்கு மணிக்குத் தேநீர் வேளையிலே வேப்பமரத்தடியிற் சந்தித்துக்கொண்டனர்.

எழுத்தாளரைக் குறை கூறுமுன் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மலருக்காகக் கதைகளைத் தெரிவு செய்துகொண்டிருந்தேன். இளம் ஆசிரியர் ஒருவர் எழுதிய கதை வந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தென்மராட்சிப் பாடசாலை மண்டபமொன்றில் முப்பது குடும்பங்களோடு ஒடுங்கிக் கிடந்த வயோதிபத் தம்பதியர், மீண்டும் ஊர் வந்து, பாதிக் கூரை போன வீட்டிலே முதலிரவைக் கழிக்கின்றனர். கூரையில்லாத பக்கத்தாலே நிலவு விழுகிறது. கிழவர் கிழவியின் பக்கம் திரும்புகிறார். அவள் முதலில் வெட்கப்பட்டு, பின்னர் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை ஒரே வசனத்திலே எழுதியிருந்தார். நான் அவ்வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டி, 'கதையின் கனதியைக் குறைக்கிறது' என்று ஓரத்தில் எழுதினேன். கதை அது இல்லாமலே அச்சாயிற்று. இடப்பெயர்வின் அவலத்தைக் காட்டும் நல்ல கதை என்று பலரும் பாராட்டினர். சென்ற மாதம் அவருக்குக் கடிதம் எழுதி, தொகுதி போடும்போது அந்த வசனத்தைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டேன். மூலப்பிரதி தம்மிடம் இல்லை என்றும், அந்தக் கிழவி எப்படிச் சிரித்தாள் என்பது இப்போது தமக்கு நினைவில்லை என்றும் பதில் வந்தது.